வாத்துக்கு ஒரு புதுச் சுவர்

என் கடைக்கு அடுத்த கடை அக்காவுடையது. நான் நோட்டு, பேனா, அட்டை விற்கிறேன். அவர் துணி தைக்கிறார். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யாருக்கு வயது கூட என்பதை இத்தனை வருடத்தில் இரண்டு பேருமே விட்டுக்கொடுத்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயர் ‘அரை இஞ்ச் அக்கா.’ எதைத் தைத்தாலும் உள்ளே ஓரத்தில் அரை இஞ்ச் துணி கூடுதலாக மடித்து வைப்பார். “உடம்பு இன்னைக்கு இருக்கற மாதிரியே நாளைக்கும் இருக்குமா? வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்,” என்பார். என்னுடைய நாலு கால்சட்டைகள் இன்னும் இடுப்பில் நிற்பது அந்த அரை இஞ்ச் புண்ணியத்தில்தான்.

அக்கா வாழ்க்கைப்பட்டது ஒரு படகுக் குடும்பத்தில். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவருடைய அக்கா, அதாவது நாத்தனார், தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர். குரலும் முத்திரை குத்துகிற மாதிரியே இருக்கும். நாத்தனாரும் தம்பியும் சேர்ந்து வைத்திருப்பது ஒரு சின்னப் பாய்மரப் படகு. இருபத்திரண்டு அடி நீளம், நாற்பது வயது, அகலமான வயிறு. அதனால் அதற்கு ‘வாத்து’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் வாத்தை எடுத்துக்கொண்டு விரிகுடாவுக்குள் போய்விடுவார்கள். அரை இஞ்ச் அக்கா துறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கிழிந்த பாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். படகில் ஏற மாட்டார்.

ஏறாமல் இல்லை, கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை ஏறினார். காற்று பிடித்து வாத்து ஒரு பக்கம் சாய்ந்தபோது உள்ளே எங்கேயோ ‘நெறுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“உள்ள ஏதோ பேசுதுங்க,” என்றார் அக்கா.

“மரம்னா அப்படித்தாம்மா பேசும். நீ பேசலையா?” என்றார் நாத்தனார். அவரும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கரைக்கு வந்ததும் இறங்கியவர்தான். அதற்குப் பிறகு பதினேழு வருடம். பயந்தாங்கொள்ளி என்று நாத்தனார் வாய் ஓயாமல் கேலி செய்வார். அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, “ஆமா, பயந்தாங்கொள்ளிதான். எனக்கு உள்தையல் தெரியாத எதுலயும் நம்பி உக்கார மாட்டேன்,” என்பார்.

போன வருடம் படகு ஓட்டும் பருவம் தொடங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்னால், வீட்டுக்காரர் ஒரு கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கையில் மாவுக்கட்டு. வாத்து அப்போது படகுத் துறையின் முற்றத்தில், தரையில், இரும்புக் கால்கள் மேல் நின்றிருந்தது. அடிவயிற்றுக்கு நாத்தனார் வண்ணம் பூசினார். மெத்தைகளுக்கு உறை மாற்றும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. தரையில் நிற்கும் படகு சாயப் போவதில்லை என்ற தைரியத்தில் ஏணி வைத்து ஏறி, அளவெடுக்க உள்ளே போனார்.

வாத்துக்குள் இரண்டு சின்ன அறைகள். நடுவில், பாய்மரத்துக்கு நேர் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு பலகைச் சுவர் குறுக்காக நிற்கும். குனிந்து போக அதில் ஒரு வழி. பார்க்கிறவர்களுக்கு அது அறையைப் பிரிக்கும் தட்டி. உண்மையில் படகின் மொத்தப் பாரமும் அதன் தலையில்தான். மேலே நிற்கும் பாய்மரம் அதை அமுக்குகிறது. மரம் விழாமல் இருபுறமும் பிடித்து இழுக்கும் கம்பிகள், மேல்தளத்தைத் துளைத்து வரும் இரும்புப் பட்டைகள் வழியாக அந்தச் சுவரில்தான் முடுக்கப்பட்டிருக்கின்றன.

அக்காவுக்கு இது எதுவும் அன்றைக்குத் தெரியாது. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. சட்டைக் காலரிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, நாடாவைச் சுவரில் குத்தினார். ஊசி சோப்பில் இறங்குவது போல் கொண்டை வரைக்கும் இறங்கிவிட்டது.

இன்னொரு ஊசி எடுத்துப் பக்கத்தில் குத்தினார். அதுவும் இறங்கியது. கட்டை விரலால் அழுத்தினார். மேலே பளபளவென்று வார்னிஷ், உள்ளே ஈரப் பஞ்சு.

“ஏங்க! இங்க வாங்களேன்!”

மாவுக்கட்டோடு அவர் தட்டுத்தடுமாறி ஏறி வந்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சும்மா வைத்து அமுக்கினார். அது பிடி வரை உள்ளே போனது. இழுத்தபோது பழுப்பாக ஒரு தண்ணீர் வழிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“எத்தனை வருஷமா இப்படி இருக்கும்?” என்று கேட்டார் அக்கா.

அவர் வழிந்த தண்ணீரைச் சட்டை முனையால் துடைத்தார்.

“பதினேழு வருஷமா சொல்றேன். உள்ள ஏதோ பேசுது, பேசுதுன்னு. கேட்டீங்களா? அக்காவும் தம்பியும் சிரிச்சீங்க!”

கீழே வண்ணம் பூசிக்கொண்டிருந்த நாத்தனார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயடைத்து நின்றதாகத் துறைக்காரர் என்னிடம் சொன்னார்.

துறைக்காரர் முற்றத்தைப் பார்த்துக்கொள்பவர். பாரந்தூக்கி ஓட்டுபவரும் அவரே. சிரிக்காமல் வேடிக்கை பேசுவார். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். “இதை மாத்திக் குடுக்கற தச்சருக்கு இந்த வருஷம் பூரா ஏற்கெனவே வேற வேலை இருக்கு. வேணும்னா வாத்தை ரெண்டா அறுத்துப் பூந்தொட்டியா வச்சுக்கலாம். நல்ல ஆழம்.”

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தபால் ஆபீசில் யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துறைக்காரரிடம், “முதுகுத் துணி கிழிஞ்சா சட்டையையே தூக்கிப் போட்டுருவீங்களா?” என்று கேட்டார்.

“எதுக்குக்கா கேக்கறீங்க?”

“பழசைப் பிரிச்சு எடுக்கணும். அதே மாதிரி புதுசா வெட்டணும். வச்சு மூட்டணும். அவ்வளவுதானே? பதினேழு வருஷமா கேலி பேசினவங்க எடுபிடி வேலை செய்யட்டும். நான் ஒரு கை பார்க்கறேன்.”

மறுநாளிலிருந்து அக்காவின் கடை மதியம் ஒரு மணிக்கு மூடியது. பாரந்தூக்கி பாய்மரத்தைக் கழற்றிக் கீழே படுக்க வைத்தது. வீட்டுக்காரர் ஒற்றைக் கையோடு படகின் உள்வாசலில் உட்கார்ந்து எங்கே வெட்டுவது, எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்று சொல்வார். அக்கா முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அதிரும் சின்ன ரம்பத்தோடு உள்ளே இருப்பார். நாத்தனார் வாளி தூக்குவார். சுவரைப் படகின் உடலோடு பிடித்திருந்த, ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நார்ப் பட்டையை அறுப்பதுதான் பெரும்பாடு. ஒரு வாரம் ஆயிற்று. உள்ளே இருந்த மரமோ கேட்க வேண்டாம், கரண்டியால் அள்ளி வாளியில் போட்டார்கள்.

அங்கேதான் முதல் சிக்கல். பழைய பலகை முழுசாக வந்திருந்தால் அதைப் புதுப் பலகை மேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளலாம். மூன்று வாளித் தூளை வைத்து என்ன கோடு போடுவது? படகின் உட்புறமோ ஒரு இடத்திலும் நேராக இல்லை. இடது பக்கமும் வலது பக்கமும்கூட ஒன்றுபோல இல்லை.

வீட்டுக்காரர் மண்டை காய்ந்து உட்கார்ந்துவிட்டார். அக்காவோ, “இதுக்கா கவலைப்படறீங்க? எந்த மனுஷனுக்கு ரெண்டு தோளும் ஒரே மாதிரி இருக்கு?” என்று சொல்லிவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்.

“அண்ணா, பெரிய அட்டை இருக்கா?”

பெட்டிகளைப் பிரித்து எட்டு அட்டை கொடுத்தேன். அக்கா அவற்றைப் படகுக்குள் கொண்டுபோய், உத்தேசமாக வெட்டி நிறுத்தி, இடைவெளி தெரிந்த இடத்திலெல்லாம் விரலகலத் துண்டுகளை ஒட்டி, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கழற்றி, மறுபடி வைத்து, மூன்று பிற்பகல்களில் முழுச் சுவரின் அளவையும் எடுத்துவிட்டார். ஆறரை அடி அகலம், நாலடி உயரம், நடுவில் குனிந்து போகும் வழி. நான் போய்ப் பார்த்தேன். அட்டைக்கும் படகுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

“இதுல எப்பவும் போல அரை இஞ்ச் கூட விட்டுடறேன்,” என்றார் அக்கா.

“ஐயையோ!” என்று அலறினார் வீட்டுக்காரர். “அரை இஞ்ச் குறைக்கணும்! பலகை நேரா உடம்புல முட்டினா வெளிய மேடு தட்டும். நடுவுல நுரைப்பட்டை வைக்க இடம் வேணும்.”

“குறைக்கறதா?”

“குறைக்கணும்.”

இருபது வருடத் தொழிலில் அக்கா ஒரு துணியையும் குறைத்து வெட்டியதில்லை. கோட்டைச் சுற்றிலும் உள்ளே தள்ளிப் போட்டபோது அவர் முகத்தைப் பார்த்தால், யாரோ அவரைத் திருடச் சொன்ன மாதிரி இருந்தது.

நல்ல தடித்த படகு ஒட்டுப்பலகையில் அந்தக் கோட்டின்படி வெட்டினார். ஓரத்தை இழைத்தார். அக்கம்பக்கத்தில் தங்கள் படகுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து தடவிப் பார்த்து, “மெஷின்ல வெட்டினதா?” என்று கேட்டார்கள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. நானும் துறைக்காரரும் நாத்தனாரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து, பலகையைப் பல்லக்கு மாதிரி ஏற்றி மேல்தளத்துக்குக் கொண்டுபோனோம்.

படகின் உள்வாசல் இரண்டடி அகலம்.

நேராக வைத்துப் பார்த்தோம். சாய்த்துப் பார்த்தோம். செங்குத்தாக நிறுத்திப் பார்த்தோம். நாத்தனார் உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தார். ஆறரை அடிப் பலகை இரண்டடி வாசலில் எப்படிப் போகும்? அட்டை போனது, வந்தது. ஏனென்றால் அட்டை மடிந்தது. அது மடிந்து மடிந்து போய் வந்ததை நாங்கள் ஐந்து பேரும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

பலகையை மேல்தளத்தில் சாய்த்து வைத்தோம். கடைசியில் துறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சுவர் தயார். இனி இதைச் சுத்தி ஒரு படகு கட்ட வேண்டியதுதான்.”

முதலில் சிரித்தது நாத்தனார். பிறகு வீட்டுக்காரர். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஏணியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். அழப்போகிறாரோ என்று நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால், சத்தம் வராமல் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் கடையைத் திறந்தார். ஒரு கனமான கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தபோது கோட்டின் முதுகைத் தூக்கிக் காட்டினார்.

“அண்ணா, இங்க பாருங்க. வெளித்துணிக்கு நடுமுதுகுல தையல். உள்துணிக்குத் தையல் எங்க இருக்கு?”

“ரெண்டு பக்கமும், விலா கிட்ட.”

“ரெண்டும் ஒரே இடத்துல வந்தா அங்க விட்டுரும். வேற வேற இடத்துல வந்ததால பதினஞ்சு வருஷமா நிக்குது இந்தக் கோட்டு.” தேநீரைத் தொடவில்லை. “தடிப் பலகை ஒண்ணு எதுக்கு? மெல்லிசா ரெண்டு அடுக்கு போட்டா? முதல் அடுக்கை நடுவுல ரெண்டா வெட்டி உள்ள கொண்டுபோறோம். ரெண்டாவது அடுக்கு மூணு துண்டு. நடுத் துண்டு முதல் அடுக்கோட மூட்டு வர்ற இடத்தை மூடிக்கும். முகத்தோட முகம் பசை போட்டு ஒட்டிட்டா?”

எனக்கு என்ன தெரியும்? “வீட்டுக்காரரைக் கேளுங்க,” என்றேன்.

வீட்டுக்காரர் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுப் பார்த்தார். பிறகு நாத்தனாரையும் சேர்த்து மூவருமாகப் போய்த் துறைக்காரரிடம் காட்டினார்கள். அவர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். வேடிக்கை எதுவும் பேசவில்லை.

“பழசு ஒத்தைப் பலகை. இது அதைவிடப் பலமா இருக்கும்,” என்றார். “யாரு சொல்லிக்குடுத்தது?”

“ஒரு கோட்டு,” என்றார் அக்கா.

உள்ளே போகாத அந்தப் பெரிய பலகையை வீணாக்கவில்லை. இப்போது அக்காவின் கடையில் துணி வெட்டும் மேசை அதுதான். நடுவில் இருக்கும் வழியில் நின்றுகொண்டால் மூன்று பக்கமும் கைக்கு எட்டுகிறது என்கிறார்.

மெல்லிய பலகையில் ஐந்து துண்டுகள் வெட்டினார்கள். ஐந்தும் வாசலில் சாய்ந்து, கும்பிட்டு, சமர்த்தாக உள்ளே போயின. ஒட்டுவதற்கு எபாக்ஸி. இரண்டு திரவத்தை அளந்து கலக்கினால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும் பசை. கலக்குகிற பொறுப்பை நாத்தனார் ஏற்றுக்கொண்டார்.

“கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க அண்ணி,” என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னார்.

“தினம் ஆயிரம் கடுதாசி பார்க்கறவ நான். எனக்குச் சொல்றியா?” என்று நாத்தனார் ஒரு டப்பா முழுக்கக் கலக்கிவிட்டு, துறைக்காரரிடம் போஸ்ட் மாஸ்டரின் கதை ஒன்றை ஆரம்பித்தார். கதை பாதியில் இருக்கும்போது டப்பா சூடாகியது. பிறகு புகைந்தது. “ஐயோ, வேகுது, வேகுது!” என்று அவர் அதை மணலில் எறிந்த வேகத்தில், இரண்டு படகு தள்ளிப் படுத்திருந்த பூனை மரத்தில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடம் சொன்னார்; நாத்தனார் ஒரு குவளைக்கு மேல் கலக்கவில்லை; கதையும் சொல்லவில்லை.

சுவர் நின்ற பிறகு, சுவரும் படகும் சேரும் மூலையை, கெட்டியாக்கும் மாவு கலந்த பசையால் நிரப்பி, கரண்டியின் முதுகால் வழித்து வளைவாக்கினார் அக்கா. அதன் மேல் கண்ணாடி நார்த் துணியை ஒட்ட வேண்டும். துணி என்று வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. நேராக வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும் என்று குறுக்கு இழையில் வெட்டினார். மூலைக்கு மூலை அந்தத் துணி குழந்தையின் கழுத்துப்பட்டை போல் படிந்து உட்கார்ந்தது. துறைக்காரர் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். யாருக்குக் காட்டவோ தெரியவில்லை.

இனி இது மறுபடி அழுகாமல் இருக்க வேண்டுமே. தண்ணீர் எங்கிருந்து வந்தது? இரும்புப் பட்டை மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் ஓட்டை வழியாக. அக்கா அந்த ஓட்டையைச் சுரண்டியபோது வெள்ளையாக ரப்பர் மாதிரி ஏதோ உரிந்து வந்தது. அவர் முகர்ந்து பார்த்தார்.

“இது நம்ம குளியலறைத் தொட்டி ஓரத்துல அடைச்சது மாதிரியில்ல இருக்கு?”

வீட்டுக்காரர் அசடு வழிந்தார். “கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு…”

“எப்போ?”

“நீ வர்றதுக்கு முன்னாடி.”

“டேய்!” என்று நாத்தனார் தூரிகையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாவுக்கட்டு போட்டவரை அடிக்கக் கூடாது என்று அக்கா நடுவில் புகுந்து தடுக்க வேண்டியதாயிற்று. ஓட்டையை அகலமாகத் தோண்டி, எபாக்ஸியால் முழுக்க நிரப்பி, அது காய்ந்த பிறகு நடுவில் புதிதாகத் துளைத்தார்கள். அப்புறம் மேலே அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரை அடித்தார்கள். அக்கா உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

மாவுக்கட்டு பிரித்த வாரமே வாத்து தண்ணீரில் இறங்கியது. பாய்மரம் ஏறியது, கம்பிகளை முடுக்கினார்கள். நான் வழியனுப்பப் போயிருந்தேன். நாத்தனாரும் தம்பியும் படகில் ஏறிவிட்டார்கள். தைக்கத் துணி எதுவும் இல்லாமல் அரை இஞ்ச் அக்கா பெஞ்சருகே நின்றுகொண்டிருந்தார்.

“வாம்மா,” என்றார் நாத்தனார். கேலி இல்லாத குரல். “நீ கட்டின சுவரு. நீ வராம நான் கயித்தை அவுக்க மாட்டேன்.”

“சாயுமே.”

“சாயும். ஆனா பேசாது.”

அக்கா மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கினார். அதன் தோள்பட்டைத் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்து ஏறினார். நேராக உள்ளே போய், சுவருக்கு எதிரே உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

மற்றதை நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விரிகுடாவுக்குள் போனதும் காற்று பலமாகப் பிடித்தது. வாத்து சாய்ந்தது. மேலே இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். தண்ணீர் சலசலத்தது, கயிறு முனகியது, சுவர் வாயே திறக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து உள்வாசலில் அக்காவின் தலை தெரிந்தது. பயந்துவிட்டார் போலிருக்கிறது, திருப்பிவிடலாம் என்று தம்பி சுக்கானில் கை வைத்தார்.

அக்கா அண்ணாந்து பாயைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“என்னங்க இது, முன்னாடி ஓரத்துல இவ்வளவு சுருக்கம் விழுது? மேல இழுத்துக் கட்டுங்க. இப்படியா பதினேழு வருஷமா ஓட்டறீங்க?”

தம்பி கயிற்றை இழுத்தார். சுருக்கம் மறைந்தது. வாத்து ஒரு உதறு உதறிவிட்டு வேகம் பிடித்தது. “பின்பக்கம் தொளதொளங்குது, அதையும் பாருங்க,” என்றார் அக்கா. அதையும் பார்த்தார்கள். நாற்பது வயதுக் கிழட்டு வாத்து, பக்கத்தில் போன ஒரு புதுப் படகைத் தாண்டியது. வாழ்நாளில் வாத்து எதையும் தாண்டியதில்லை என்று நாத்தனார் சத்தியம் செய்கிறார். சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று, அந்தப் புதுப் படகுக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினாராம்.

எதிர்க்கரையில் நங்கூரம் போட்டு, ரொட்டியும் வேகவைத்த முட்டையும் சாப்பிட்டார்கள். திரும்பும்போது அக்கா புது உறை போட்ட மெத்தையில் சும்மா கொஞ்சம் முதுகைச் சாய்த்தார். துறையில் கயிறு கட்டும்போது நான் எட்டிப் பார்த்தேன். மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் உதட்டில் விரலை வைத்து என்னிடம் சத்தம் போடாதே என்றார். ஆனால் அதையே ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னதில் அக்கா விழித்துக்கொண்டார்.

“கரை வந்துடுச்சா?” என்று எழுந்து உட்கார்ந்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. “ஏன் எழுப்பல? திரும்பி வந்ததை நான் பார்க்கவே இல்லையே!”

“அதனால என்ன, அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்,” என்றார் வீட்டுக்காரர்.

“ஞாயிறு வரைக்கும் எதுக்கு? நாளைக்கு மத்தியானம் கடையை மூடிட்டு வர்றேன். அண்ணி, நீங்க லீவு போடுங்க.”

நாத்தனார் லீவு போட்டார். மறுநாள் மதியம் அக்காவைத் தேடி வந்த மூன்று பேரின் துணிகளை நான்தான் வாங்கி வைத்தேன்.